மீன் சினையும் 25 யூரோவும்

சமையலைப் பற்றி நான் எழுதுவேன் என்று என்னை அறிந்தவர்கள் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். 38 வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். மனைவி இருந்தவரை வெந்நீர் வைப்பதோடு என் சமையல் முடிந்துவிடும். அவள் போன பிறகு சோறு, ரசம், ஒரு முட்டைப் பொரியல் என்று கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவன் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில், 24 பேருக்கு ஜப்பான்காரர் பாணியில் மீன் சினை வைத்த சிற்றுண்டி செய்தேன் என்றால் நம்புவது கஷ்டம்தான். நடந்தது இதுதான்.

போன வருடம் மே மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். டிக்கெட் ஜனவரியிலேயே எடுத்து அனுப்பிவிட்டார்கள். மார்ச்சில் மாப்பிள்ளை வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. போய் இறங்கிய நாலாவது நாள், வார நாளில் மாப்பிள்ளை பகலெல்லாம் வீட்டிலேயே இருப்பதைப் பார்த்து நானாகத்தான் மகளைக் கேட்டேன். "ஷொமாழ் வருதுப்பா, சமாளிச்சிக்கிறோம்" என்றாள். ஷொமாழ் என்பது வேலை இழந்தவர்களுக்கு அங்கே கிடைக்கும் உதவித்தொகை. வருகிறதுதான். ஆனால் வீட்டுக் கடன் தவணையும் மாதாமாதம் வருகிறதே!

ஊருக்கு எதாவது வாங்கிப் போகலாம் என்று 300 யூரோ மாற்றி வைத்திருந்தேன். அதை ஓர் உறையில் போட்டு மாப்பிள்ளையிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வேணாம் மாமா, நீங்க வெச்சிக்குங்க" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பால்கனியில் நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்த உறையை நீட்டாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு உறைத்தது. பெண் கொடுத்தவன் என்றாலும், ஒரு வீட்டுத் தலைவனிடம் பணம் நீட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை.

இதற்கு நடுவில் பேத்திக்கு 18-ஆவது பிறந்த நாள் வந்தது. அங்கே 18 வயது என்பது பெரிய விசேஷம். ஜூன் மாதம், பரீட்சை முடிகிற நேரம். கூடப் படித்த பிள்ளைகள், உறவுக்காரப் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 24 பேர். அவள் ஆசைப்பட்டது சுஷி. இன்றைய பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குச் சுஷி நமக்குப் பரோட்டா மாதிரி. தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது. மகள் கைப்பேசியில் விலையைப் பார்த்தாள். தட்டுத் தட்டாகச் சொன்னால் 24 பேருக்கு 260 யூரோவுக்குக் குறையாது. அவள் ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பேத்தியும் பார்த்துவிட்டாள். "பரவால்லம்மா, சிப்ஸ் போதும்" என்றாள். பெரியவர்கள் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை.

அன்று இரவு அவள் அறைக்குப் போய், "நாமே செஞ்சா என்ன?" என்று கேட்டேன். "தாத்தா, உங்களுக்கு சோறே குழைஞ்சி போயிடும்" என்று சிரித்தாள். "இதுக்கு சோறு குழையத்தானே வேணும்?" என்றேன். கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தாள்.

பச்சை மீன் வைத்ததெல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். விலையும் அதிகம், ஜூன் மாத வெயிலுக்குப் பயமும் உண்டு. பிறகு ஒரு படத்தில் ஒரு வாய்ச் சோற்று உருண்டையைச் சுற்றி நோரி என்ற கடற்பாசித் தாளை வேலி மாதிரி நிறுத்தி, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மீன் சினை வைத்திருந்தார்கள். இதற்குக் குன்கான் என்று பெயர், போர்க்கப்பல் என்று அர்த்தமாம். பார்க்கவும் கப்பல் மாதிரிதான் இருக்கிறது. 1941-ல் டோக்கியோவில் கின்சா பகுதியில் கியூபே என்ற கடையில்தான் முதலில் செய்தார்கள் என்று சொல்கிறார்கள். சினை உருண்டு விழும், வெறும் சோற்றின் மேல் நிற்காது. அதனால் வேலி.

"இந்தச் சின்னச் சின்ன முட்டைக்குத் தொபிகோன்னு பேர் தாத்தா. புவாசோன் வொலான்" என்றாள். நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில்தானே, உடனே புரிந்தது. பறக்கும் மீன். எங்கள் கோலா மீன்!

நான் பிறந்தது காரைக்கால். சித்திரை வெயில் ஏறியதும் கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன்காரம்மா கூடையில் கோலா கொண்டுவருவாள். கோலா பிடிக்கப் போகிறவர்கள் வலையோடு கொழுஞ்சிச் செடியையும் கட்டுக் கட்டாக எடுத்துக்கொண்டு போவார்கள் என்று அவள்தான் சொல்வாள். கோலாவின் முட்டையில் நூல் நூலாக இழை இருக்கும். மிதக்கிற செடி, தழை எதிலாவது அந்த இழையைச் சுற்றித்தான் அது முட்டையிடும். கடலில் கொழுஞ்சிக் கட்டை மிதக்கவிட்டால் கோலா தானாகத் தேடி வரும். இந்தோனேசியாவில் இதே மாதிரி தென்னங்கீற்றை மிதக்கவிட்டு முட்டையைச் சேர்க்கிறார்கள், அது ஜப்பானுக்கு ஏற்றுமதியாகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். காரைக்காலில் அதை யார் ஏற்றுமதி செய்தார்கள்? அம்மா மிளகாய்த்தூள், மஞ்சள் தடவி, கல்லில் போட்டுத் திருப்புவாள். சினை எனக்கும் அண்ணனுக்கும். இரண்டு பேருக்கும் சரியாக வரவில்லை என்றால் சண்டை. சினை வைத்த மீனுக்கு மீன்காரம்மா ஒரு காசு கூடக் கேட்டதில்லை. அதே சினை, கைப்பேசியில் சின்ன டப்பா 9 யூரோ என்று இருந்தது.

அதனால் தொபிகோவும் இல்லை. அங்கே ஏழைக்கேற்ற சினை ஒன்று இருக்கிறது. லோம்ப் என்ற வட கடல் மீனின் சினை. உப்புப் போட்டுப் பதப்படுத்தி, கருப்பும் சிவப்புமாகச் சாயம் ஏற்றிச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விற்பார்கள். இயற்கையில் அதன் நிறம் வெளிறித்தான் இருக்கும். கேவியர் வாங்க முடியாதவர்களுக்காகக் கருப்பாக்கினார்கள். பிரான்சில் கிறிஸ்துமஸ், வருடப் பிறப்பு என்றால் விருந்துக்கு முன்னால் கொறிக்கிற அப்பெரிட்டீஃபில், ரொட்டித் துண்டின் மேல் இது கட்டாயம் இருக்கும்.

கடையில் அந்தக் குப்பியைக் கையில் எடுத்ததும் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது. பிரெஞ்சில் முட்டை ஒன்றாக இருந்தால் 'எஃப்' என்று கடைசி எழுத்து ஒலிக்கும். பல முட்டைகள் என்றால் எழுத்தில் அந்த எஃப் இருக்கும், வாயில் வரக்கூடாது, வெறும் 'எ' தான். இந்த ஒரு எழுத்துக்காக நான் வாங்கிய அடி கொஞ்சமல்ல. 1962-ல் சட்டப்படி பிரெஞ்சு ஆட்சி முடிந்த பிறகும் என் வகுப்பில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. பிறகு அலுவலகத்தில் சேர்ந்தபோது குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவன் நான். இன்றைக்கும் மனக்கணக்கு மட்டும் எனக்குப் பிரெஞ்சில்தான் ஓடும். கடையில் வாய்க்குள் கூட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "தாத்தா, நீங்க எண்ணுறது எங்க வாத்தியார் மாதிரியே இருக்கு" என்றாள் பேத்தி.

கணக்கு எப்படிப் போட்டேன் என்றால், ஆளுக்கு 4 வீதம் 24 பேருக்கு 96. ஒன்றுக்கு 12 கிராம் சோறு. அரை கிலோ அரிசி வெந்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும், போதும். சினை ஒன்றுக்கு அரைத் தேக்கரண்டி. 100 கிராம் குப்பியில் ஏறக்குறைய 40 வரும். ஆக மூன்று குப்பி. நோரி வேலி 96 கட்டுவது ஆகிற காரியமில்லை. அதற்குப் பதில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளரிக்காய் வட்டம் வெட்டி, அதன் மேல் சோறு, அதன் மேல் சினை. அங்கே வெள்ளரிக்காய் முழங்கை நீளம் இருக்கும். ஒன்றில் 30 வட்டம் தேறும். நாலு வாங்கினோம்.

அரிசிதான் முக்கியம். சுஷி அரிசி என்று தனியாக விலை வைத்து விற்கிறார்கள். அதை வாங்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பால் சோறு செய்வதற்கென்று ஓர் உருண்டை அரிசி விற்கும், விலை மலிவு. அதுவும் நன்றாக ஒட்டும்.

முதலில் ஒரு குப்பி கருப்புச் சினை வாங்கி ஒத்திகை பார்த்தோம். சோறு நன்றாக வந்தது. பத்து வட்டம் செய்து, மேலே சினை வைத்து, மகள் வேலையிலிருந்து வந்ததும் காட்டலாம் என்று குளிர்ப்பெட்டியில் வைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் சாயம் சோற்றில் இறங்கி, பத்தும் நீலம் பாய்ந்து கிடக்கிறது! அலுவலகத்தில் முத்திரை மைப்பெட்டி கவிழ்ந்த கோப்பு மாதிரி இருந்தது. பேத்திக்கு அழுகையே வந்துவிட்டது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மாப்பிள்ளை பால்கனியிலிருந்து உள்ளே வந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். "ருசி சரியாத்தான் இருக்கு மாமா. சினைய வடிகட்டணும். அப்புறம் கடைசி நிமிஷத்துலதான் வைக்கணும்" என்றார். அவ்வளவுதான், மறுபடியும் பால்கனிக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் அந்த ஊருக்குப் போன புதிதில் ஐந்து வருடம் ஓர் உணவகச் சமையற்கட்டில் வேலை செய்தவர். பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்துக் காய் வெட்டுவது வரைக்கும் வந்தவர். கல்யாணத்துக்குப் பார்க்க வந்தபோது அதை அவர் சொல்லவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிறந்த நாளன்று காலையில் அரிசியைக் கழுவினேன். தண்ணீர் தெளிகிற வரைக்கும் ஐந்து தடவை கழுவ வேண்டும். அரை மணி நேரம் ஊறவிட்டு, அரை கிலோவுக்கு 600 மில்லி தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் மூடி, சின்னத் தீயில் 12 நிமிடம். அணைத்த பிறகும் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம். அரிசிக் காடி 5 மேசைக்கரண்டி, சர்க்கரை 3 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மூன்றையும் லேசாகச் சூடுகாட்டிக் கரைத்து, சோறு சூடாக இருக்கும்போதே தெளித்து, மசிக்காமல் கரண்டியை வெட்டி வெட்டிக் கிளற வேண்டும். பேத்தி அட்டையால் விசிறினாள். விசிறினால் சோற்றுக்கு ஒரு மினுமினுப்பு வருகிறது. சோற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கட்டையாகிவிடும். ஈரத் துணி போட்டு வெளியிலேயே வைத்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

பிறகு வெள்ளரிக்காய். நான் வெட்டினால் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. வைத்தால் சாய்கிறது. எட்டோ பத்தோ வெட்டியிருப்பேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

"மாமா, கொஞ்சம் தள்ளுங்க."

கத்தியை வாங்கி, ஒரு கோப்பையின் அடிப்பக்கத்தில் நாலு தடவை தீட்டினார். பிறகு வெட்ட ஆரம்பித்தார். எல்லாம் ஒரே கனம். நாலு வெள்ளரிக்காயும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெட்டியதை உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்து, துணியில் ஒற்றினார். அப்படிச் செய்யாவிட்டால் தண்ணீர் விட்டு எல்லாம் வழுக்குமாம். சினையைச் சல்லடையில் கொட்டி, அடியில் சமையலறைக் காகிதம் வைத்து வடியவிட்டார். "பாப்பா, நோரிய இப்படிச் சதுரமா வெட்டு. சோத்துக்கும் சினைக்கும் நடுவுல வெச்சா சாயம் இறங்காது" என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் கையை நனைத்துக்கொண்டு சோற்றை உருட்டினேன். அது ஒன்றுதான் எனக்கு வந்தது. வேலை போன மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன் என்று மகள் என்னிடம் பிறகு சொன்னாள்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் சினையை வைத்தோம். சிவப்பு, ஒரு வசாபிப் புள்ளி, எலுமிச்சைத் துளி. அடுத்த தட்டு, அடுத்த தட்டு என்று கேட்டுக் கேட்டு, அரை மணி நேரத்தில் 96-ம் காலி. ஒரு பையன், "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டான். "எங்க அப்பாவும் தாத்தாவும்" என்று பேத்தி சொன்னாள். அப்பாவை முதலில் சொன்னாள் என்பதைக் கவனித்தேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை என் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்தார். "எவ்ளோ ஆச்சு மாமா?" என்றார். ஒன்றுமில்லை, என் பேத்திக்குத்தானே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த 300 யூரோ உறை ஞாபகம் வந்தது. எழுந்துபோய்க் கணக்குச் சீட்டை எடுத்து வந்தேன். சினை மூன்று குப்பி 7.80, அரிசி 1.90, காடி 2.95, வெள்ளரி 3.80, நோரி 3.20, எலுமிச்சை 0.80, வசாபி 2.50. மொத்தம் 22 யூரோ 95. ஒத்திகையில் வீணான குப்பியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது என் படிப்புச் செலவு.

அவர் சீட்டை வரி வரியாகப் படித்தார். ஒரு 20 யூரோ நோட்டும் ஒரு 5 யூரோ நோட்டும் எடுத்து வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். சட்டைப் பையைத் துழாவி 2 யூரோ 5 சென்ட் சில்லறை எண்ணி மேசையில் வைத்தேன். அவரும் அதை எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அரசாங்க ஆளுன்னா அரசாங்க ஆளுதான் மாமா" என்றார். 38 வருடம் எத்தனையோ ரசீது போட்டிருக்கிறேன். அன்று வாங்கிய பணம்போல எதுவும் எனக்கு நிம்மதியாக இருந்ததில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுத்து உதவ வேண்டும் என்று போனவன், கடைசியில் அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டதில்தான் உதவினேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பரில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. முன்பைவிடச் சம்பளம் கொஞ்சம் குறைவு, வீட்டுக்குப் பக்கம்.

இங்கே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் குப்பியைத் தேடி அலைய வேண்டாம், அது இங்கே மலிவாக இருக்காது. நம் மீன் சந்தையில் கோலா சினையோ மடவைச் சினையோ கிடைக்கும். மடவைச் சினை லேசுப்பட்டதல்ல. அதை உப்பிட்டுக் காயவைத்து ஜப்பானில் கராசுமி என்றும், தெற்குப் பிரான்சில் பூத்தார்க் என்றும் யானை விலைக்கு விற்கிறார்கள். ஆனால் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். பையோடு இட்லிப் பானையில் 12 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் உதிர்த்து, கொஞ்சம் வெண்ணெய், சில துளி சோயா சாஸ், எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள் சேர்த்துப் பிசறுங்கள். அரிசிக்குப் பொங்கலுக்கு வைக்கிற பச்சரிசி, புது அரிசியாக இருந்தால் நல்லது. அரிசிக் காடி இல்லையென்றால் சாதாரண வெள்ளைக் காடியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். நான் இந்தக் கோடையில் செய்து பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். தட்டு காலியாகத்தான் திரும்பி வந்தது.

வெள்ளரிக்காய் மட்டும் இன்னும் எனக்கு ஒரே கனமாக வரவில்லை. அடுத்த தடவை மாப்பிள்ளை வரும்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.